அந்த எண் எப்படி வந்தது என்பதையும் அச்சிட்டுக் கொடுங்கள்

கல்லூரித் தேர்வுப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் கல்லூரி ஆசிரியர் இல்லை. மாணவர்களுக்குத் தனியாகக் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாடத்தில் சந்தேகம் கேட்க வருகிறவர்களில் பலர், கிளம்புகிற நேரத்தில் பையிலிருந்து மார்க் ஷீட்டை எடுத்து நீட்டி, "இது சரியா வந்திருக்கான்னு பாருங்க சார்" என்பார்கள். வருடக்கணக்காக அந்தத் தாள்களைப் பார்த்து வருகிறேன். அதனால்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். எட்டு செமஸ்டர் படிப்பில் ஆறை முடித்திருந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த தாளில் சிஜிபிஏ (இதுவரை முடித்த எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) 7.20 என்று இருந்தது. "எப்படியாவது எட்டைத் தொட்டுடணும் சார். அதுக்காகத்தான் ஒரு வருஷமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கிறேன்" என்றான். ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கைப் போட்டேன். மொத்தப் படிப்பும் 160 கிரெடிட் (கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை). எட்டு வேண்டுமென்றால் 8 × 160, அதாவது 1280 புள்ளி சேர வேண்டும். முடித்த 120 கிரெடிட்டில் அவன் சேர்த்தது 7.2 × 120, ஆக 864. பாக்கி 416. அதை மிச்சமுள்ள 40 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். 416-ஐ 40-ஆல் வகுத்தால் 10.4 வருகிறது. உயர்ந்தபட்ச கிரேடு புள்ளியே 10-தான்.

அவன் நம்பவில்லை. போனை எடுத்து கால்குலேட்டரில் தானே இரண்டு தடவை போட்டான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "போன வருஷம் முடிஞ்சிருக்குமா சார்?"

முடிந்திருக்கும். ஆரம்பத்திலிருந்தே அவனுடைய சராசரி 7.2-ஐ ஒட்டித்தான் இருந்தது. இரண்டாவது செமஸ்டர் முடிவில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், மீதி முழுக்க 8.27 எடுத்தால் போதும் என்று வந்திருக்கும். நாலாவது செமஸ்டர் முடிவில் 8.8. ஐந்தாவது முடிவில் 9.33. ஆறாவது முடிவில் கதவு மூடிவிட்டது. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அவன் கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு பெருக்கல், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் போதும். பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்கில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை அவன். அவனுக்குக் கணக்கு தெரியும். எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்றுதான் யாரும் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மாணவருக்கு எண்ணைக் கொடுக்கும்போது, அந்த எண் வந்த வழியையும் சேர்த்துக் கொடுங்கள்.

இதில் என்ன பெரிய ரகசியம், எல்லாம் விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். கூட்டல் குறிக்கு கிரேக்க எழுத்து, அதன் கீழே சின்னதாக ஒரு 'ஐ', பக்கத்தில் இன்னொரு எழுத்து. கணிதம் படித்தவருக்கு அது ஒரே வரி. வரலாறோ இலக்கியமோ படிக்க வந்த பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடும். அதையே வாயால் சொன்னால் எவ்வளவு எளிது! ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதில் வாங்கிய கிரேடு புள்ளியால் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டு. மொத்தக் கிரெடிட்டால் வகு. அவ்வளவுதான்.

என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இதிலேயே இருக்கிறது. ஒரு மாணவி ஐந்து பாடங்களில் 6, 7, 8, 9, 10 என்று புள்ளி வாங்கியிருந்தாள். கூட்டி ஐந்தால் வகுத்தாள், சரியாக 8 வந்தது. தாளில் 7.69 என்று இருந்தது. கம்ப்யூட்டர் தப்பு செய்துவிட்டது என்று நினைத்து, மறுபரிசீலனை கேட்டு மனு எழுதி வைத்திருந்தாள். நான் கிரெடிட்டைப் பார்த்தேன். 6-ம் 7-ம் வாங்கிய பாடங்கள் தலா 4 கிரெடிட். 8-ம் 9-ம் வாங்கியவை தலா 3. பத்து வாங்கிய பாடம் 2. பெருக்கினால் 24, 28, 24, 27, 20. கூட்டினால் 123. மொத்தக் கிரெடிட் 16. வகுத்தால் 7.6875. கம்ப்யூட்டர் சரியாகத்தான் போட்டிருந்தது. கனமான பாடங்களில் அவள் சறுக்கியிருந்தாள், லேசான பாடத்தில் உச்சத்தைத் தொட்டிருந்தாள். அந்தப் பெருக்கல் தொகைகள் ஐந்தும் தாளில் ஒரு நெடுவரிசையாக இருந்திருந்தால், மனு எழுதிய நேரத்தில் அவளே கண்டுபிடித்திருப்பாள். தன் உழைப்பு எங்கே சிந்திப் போகிறது என்பதும் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

கிரெடிட் என்றால் என்ன என்று கேட்டால் மூன்றாம் வருட மாணவர்கூட "பாடத்துக்கு ஏதோ வெயிட்டேஜ் சார்" என்பதோடு நிறுத்திவிடுகிறார். அது நேரக் கணக்கு. இந்தியாவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்கிற முறையில், வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட்; செய்முறை என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஐரோப்பிய முறையில் ஒரு முழு வருடப் படிப்பு 60 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்பது மாணவர் வகுப்பிலும் வீட்டிலும் சேர்த்துச் செலவிடுகிற 25 முதல் 30 மணி நேரம். இந்த நேரத்தை அலகாக எண்ணும் வழக்கமே அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளை வைத்த அலகிலிருந்து பரவியதுதான். பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க எந்தக் கல்லூரி தகுதியானது என்று பார்ப்பதற்காக, உள்ளே வரும் மாணவர் பள்ளியில் எத்தனை அலகு முடித்திருக்கிறார் என்று எண்ண ஆரம்பித்தார்கள். ஓர் அலகு என்பது 120 மணி நேரம். யாருடைய ஓய்வூதியத்துக்காகவோ வந்த கணக்கு இன்றைக்கு இந்தத் தம்பியின் 7.20-க்குள் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதை பிடிக்கும், மாணவர்களுக்கும் பிடிக்கிறது. கிரெடிட் வானத்திலிருந்து விழவில்லை என்று தெரிந்ததும் அதைப் பார்த்து மிரளாமல் கேள்வி கேட்கிறார்கள்.

கிரெடிட் புரிந்தால் எங்கே நேரம் போட வேண்டும் என்பதும் புரியும். 20 கிரெடிட் உள்ள செமஸ்டரில் ஒரு கிரெடிட் லேப்பில் ஒரு படி ஏறினால் எஸ்ஜிபிஏ (அந்த ஒரு செமஸ்டரின் சராசரி) 0.05 கூடும். நாலு கிரெடிட் பாடத்தில் அதே ஒரு படி ஏறினால் 0.20 கூடும். ரெக்கார்டு நோட்டுக்கு வண்ணம் தீட்டியே சனி ஞாயிறைத் தொலைத்தவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! லேப்பை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன், கை பழகுவது அங்கேதான். ஆனால் எது எவ்வளவு நகர்த்தும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது அந்தப் பிள்ளையின் உரிமை.

ஆசிரியர்களே, இதே குழப்பம் உங்கள் ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் இருக்கிறது. அசைன்மென்ட் 20 சதவீதம், இடைத்தேர்வு 30, இறுதித் தேர்வு 50 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 90, 70, 60 வாங்குகிறார். மூன்றையும் கூட்டி வகுத்து "எனக்கு 73" என்று நினைத்துக்கொண்டிருப்பார். வருவது 18 + 21 + 30, அதாவது 69. அடுத்த கிரேடு 70-இல் தொடங்கினால் ஒரு மார்க்கில் போச்சு. இறுதித் தேர்வுக்கு முன்னாலேயே, "இதுவரை உன் கையில் 39 இருக்கிறது, 70 வேண்டுமென்றால் இறுதித் தேர்வில் நூற்றுக்கு 62 எடுக்க வேண்டும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அந்த இரண்டு மார்க்கை அவர் எடுத்திருக்கக்கூடும். கேட்டால் சொல்லித் தருகிற ஆசிரியர்கள் நிறைய இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கத் தெரியாத பிள்ளைக்காகத்தான் எழுதுகிறேன்.

பூஜ்யத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து அசைன்மென்டில் நாலுக்கு 80 வாங்கி, ஒன்றைக் கொடுக்காமல் விட்டால் சராசரி 64. அந்த 64-ஐப் பார்க்கும் யாருக்கும், 80 அளவுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார் என்று தெரியாது, சுமாராகப் படிக்கிறவர் என்றுதான் தோன்றும். தாமதத்துக்குத் தண்டனை வேண்டும் என்றால் கொடுங்கள். ஆனால் வராத தாளும் தெரியாத பாடமும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகின்றன என்பதை மனதில் வைத்துக் கொடுங்கள். ஐந்தில் மோசமான ஒன்றை விட்டுவிட்டு நாலை மட்டும் எண்ணுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

அரியர் விஷயத்திலும் தெளிவில்லாமல் பிள்ளைகள் உடைந்து போகிறார்கள். ஃபெயிலான பாடத்துக்குப் புள்ளி 0, ஆனால் அதன் கிரெடிட் வகுக்கும் எண்ணில் நிற்கும். பல இடங்களில் வழக்கம் இப்படித்தான். 20 கிரெடிட்டில் 16-க்கு எட்டு எட்டாக வாங்கியிருந்தாலும், 4 கிரெடிட் பாடம் ஒன்று போனால் 128-ஐ 20-ஆல் வகுத்து 6.4 ஆகிவிடும். "எட்டு எடுத்த எனக்கு ஆறா?" என்று ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். அவள் படித்த இடத்தில் மறுபடி எழுதிப் பாஸானால் பழைய பூஜ்யம் போய்ப் புதிய புள்ளி வரும். அந்தப் பாடத்தில் வெறும் 6 வாங்கினாலே 152-ஐ 20-ஆல் வகுத்து 7.6-க்கு ஏறிவிடலாம். அதை எழுதிக் காட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சில இடங்களில் பழைய முயற்சியும் கணக்கில் நிற்கும். உங்கள் இடத்தில் எது என்று தாளில் ஒரு வரி எழுதினால், எத்தனை பேர் அன்றைக்கு ராத்திரி தூங்குவார்கள் தெரியுமா?

எல்லைக்கோட்டைப் பற்றி. 79-க்கு 8 புள்ளி, 80-க்கு 9 புள்ளி, 89-க்கும் அதே 9 புள்ளி என்று ஓர் இடத்தில் வைத்திருந்தால், ஒரு மார்க் வித்தியாசம் முழுப் புள்ளியாகிறது, ஒன்பது மார்க் வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போகிறது. கோடு என்று போட்டால் இது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்த ஒரு மார்க்கை நாம் அவ்வளவு துல்லியமாக அளக்கிறோமா? 1912-இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே இரண்டு ஆங்கில விடைத்தாள்களை நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை மார்க் வந்தது. இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை. கட்டுரைத் தாள் என்பதால் இப்படி என்று சிலர் சொன்னார்கள். மறுவருடம் வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதற்கு 30-க்கும் கீழே போட்டவரும் இருந்தார், 90-க்கு மேலே போட்டவரும் இருந்தார். இலக்கங்களுக்கு பதிலாகப் பெரிய பெரிய படிகளாகக் கிரேடு வைக்கலாம் என்ற எண்ணம் வலுப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப் படியாக வைத்ததை மறுபடி 7.69 என்று இரண்டு தசமத்துக்கு இழுத்து, 7.68-ஐ விட உசத்தி என்று வரிசை போடுகிறோம். திருத்தும் கைக்கே அவ்வளவு நுணுக்கம் கிடையாது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 0.01-க்காகத் தன்னைத் தாழ்வாக நினைக்கிற பிள்ளைக்கு இது மருந்து.

முழுமையாக்கும் விதி சின்ன விஷயம்தான், ஆனால் எல்லையில் நிற்பவருக்கு அது பெரியது. 6.745-ஐ முதலில் 6.75 ஆக்கி, பிறகு 6.8 ஆக்குகிறவர் இருக்கிறார். நேராக ஒரு தசமத்துக்கு வந்தால் அது 6.7. எந்த இடத்தில், எத்தனை தடவை என்று ஒரு வரி போதும்.

இப்போது எனக்கு அதிகமாகக் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். பெர்சன்டேஜ். வேலை விண்ணப்பம், மேல்படிப்பு விண்ணப்பம் எல்லாம் "குறைந்தது 60 சதவீதம்" என்று கேட்கின்றன. மாணவர் கையில் இருப்பது சிஜிபிஏ 6.3. பத்தால் பெருக்கினால் 63. 9.5-ஆல் பெருக்கினால் 59.85. 0.75-ஐக் கழித்துப் பத்தால் பெருக்குகிற வழக்கமும் உண்டு, அதில் 55.5. ஒரே உழைப்பு, ஒரே தாள், மூன்று விதி. ஒன்றில் உள்ளே, இரண்டில் வெளியே. எந்த வாய்பாடு என்று தாளில் இல்லாததால், பிள்ளைகள் இணையத்தில் முதலில் கண்ணில் படுகிற கால்குலேட்டரில் போட்டு, வந்ததை எழுதிவிடுகிறார்கள். பிறகு சரிபார்ப்பில் "தவறான தகவல்" என்று நிற்கிறது. அப்படி ஒரு வேலையை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கல்லூரி கடைசி வரை வாய்பாட்டைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த 9.5 எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு சிபிஎஸ்இ கிரேடு முறையைக் கொண்டுவந்தபோது, அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் 91-லிருந்து 100 வரை வாங்கியவர்களின் மார்க்கைச் சராசரி பார்த்தார்கள். ஏறக்குறைய 95 வந்தது. அதைப் பத்தால் வகுத்து 9.5 என்று வைத்தார்கள். அதுவும் ஒரு தோராயக் குறிப்பாகத்தான். பள்ளித் தேர்வின் முதல்நிலை மாணவர்களிடமிருந்து வந்த அந்த எண்ணை, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பொறியியல் மாணவரின் தலையில் ஏன் வைக்க வேண்டும்?

நாட்டை விட்டு வெளியே போகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். அமெரிக்காவில் ஏ என்றால் 4, பி என்றால் 3. பத்தை நாலாக்கப் பலர் 2.5-ஆல் வகுக்கிறார்கள். எட்டு 3.2 ஆகிவிடுகிறது. எட்டு என்பது உங்கள் அளவுகோலில் ஏ என்றால், அது அங்கே பி-யை ஒட்டியதாக மாறிவிடுகிறது. ஜெர்மனியில் தலைகீழ்: 1.0 மிகச் சிறப்பு, 4.0 பாஸின் விளிம்பு. அங்கே மாற்றுவதற்குப் பவேரிய வாய்பாடு என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பிலிருந்து வாங்கியதைக் கழி. அதை, உச்சத்துக்கும் பாஸ் எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகு. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. உச்சம் 10, பாஸ் 4 என்றால் எட்டு வாங்கியவருக்கு 2.0 வரும். பாஸ் 5 என்றால் அதே எட்டுக்கு 2.2. ஆக, பாஸ் எல்லை என்ன என்று தாளில் இல்லாவிட்டால் கணக்கே போட முடியாது. யுஜிசியின் பத்துப் புள்ளி முறையில் கடைசிப் பாஸ் கிரேடுக்கு 4 என்று இருக்கிறது. உங்கள் நிறுவனம் 5 என்று வைத்திருக்கலாம். வெளியே உட்கார்ந்து தாளைப் படிக்கிற அந்நியருக்கு அது எப்படித் தெரியும்?

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? தாளின் முன்பக்கத்தில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, கிரெடிட் × புள்ளி என்ற பெருக்கல் தொகையைப் போடுங்கள். அதன் கீழே இரண்டு மொத்தங்கள். பின்பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. எந்த மார்க்குக்கு எந்தப் புள்ளி, பாஸ் எல்லை, அரியர் விதி, முழுமையாக்கும் விதி, சதவீத வாய்பாடு ஆகியவற்றை வட்டார மொழியிலும் சேர்த்து அங்கே எழுதுங்கள். மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கிரேடு போடுகிற இடமாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அங்கே 75-க்கு ஒரு வருடம் 9-ம் அடுத்த வருடம் 8-ம் வரலாம். தெரியாத பிள்ளை தன் மூளையைச் சந்தேகிக்கும். இதையெல்லாம் மென்பொருளில் ஒரு தடவை மாற்றினால் போதும்.

முதல் செமஸ்டரில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மாதிரித் தாளைக் கையில் கொடுத்து, பென்சிலால் அவர்களையே போட வையுங்கள். எட்டு செமஸ்டருக்கும் எஸ்ஜிபிஏக்களைக் கூட்டி எட்டால் வகுத்தால் ஏன் தப்பாகும் என்று அங்கேயே தெரிந்துகொள்ளட்டும்: 16 கிரெடிட்டில் 8.5, 24 கிரெடிட்டில் 7 என்றால் விடை 7.60-தான்; 7.75 கிடையாது. அப்புறம் ஒவ்வொரு செமஸ்டர் தாளிலும் கடைசியாக ஒரு வரி: "இனி எல்லாப் பாடத்திலும் உச்சம் எடுத்தால் உங்கள் சிஜிபிஏ இவ்வளவு வரை போகும்." அந்தத் தம்பிக்கு அது 7.90 என்று இருந்திருக்கும். அந்த வரி அவனை எட்டின் பின்னால் ஓட விட்டிருக்காது.

அன்றைக்கு அவனுக்கு இன்னொரு கணக்கும் போட்டுக் கொடுத்தேன். 7.5 வேண்டுமென்றால் மிச்சமுள்ள 40 கிரெடிட்டில் சராசரி 8.4. "இது முடியும் சார்" என்றான். நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, மார்க் ஷீட்டின் பின்னால், அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

எந்தத் தேர்வுப் பிரிவாவது இதைச் செய்து பார்க்க முன்வந்தால், பின்பக்கத்துக்கான மாதிரியை எளிய தமிழில் நானே எழுதித் தருகிறேன். பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒருவர்